தோன்றா எழுவாய்

ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல். குறை இது: பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெண், மின்தூண்டல் சிகிச்சை அறையில், ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். காது நன்றாகக் கேட்கும் மூவர் அப்போது அங்கே இருந்தனர். மூவர் காதிலும் அச்சொல் தெளிவாக விழுந்தது. அதற்கு என்ன பொருள் என்று அவளைக் கேட்டவர் ஒருவரும் இலர்.

மூவரில் ஒருவர் அவளுடைய கணவர். வாழ்நாளெல்லாம் பள்ளியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர். விடுபட்ட ஒவ்வொரு ஒற்றெழுத்துக்கும் அரை மதிப்பெண் குறைத்தவர் ஆதலால், மாணவர்கள் அவருக்கு 'ஒற்று' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பள்ளியின் வாயிற்கதவைத் தாண்டி, தெருவுக்கு வந்து, மளிகைக்கடை வரைக்கும் பரவியது. அவர் அதற்காக வருந்தியதில்லை. வாழ்த்தட்டை கொண்டுவந்து நீட்டினாலும், வாழ்த்தை வாங்கிக்கொள்ளுமுன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கிற மனிதர் அவர்.

மனைவி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். பத்து விரல்களும் பறக்கும். கண் தாளில் இருக்கும். வாய் பக்கத்து மேசைக்காரியோடு வம்பளந்துகொண்டிருக்கும். வீட்டில் வாதாடினால் அவளை வென்றவர் கிடையாது. ஆகவே கணவர் அவளை 'வக்கீலம்மா' என்றே அழைப்பார். அவருக்கு அவளிடம் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அவள் பேச்சில் எழுவாயே இராது.

"வந்தாச்சு" என்பாள்.

"யார் வந்தது? எழுவாய் எங்க?"

"பொங்கிடுச்சு."

"எது பொங்கிச்சு, வக்கீலம்மா?"

"போய்ப் பாருங்க, தெரியும். அதுக்குள்ள அடுப்பெல்லாம் வழிஞ்சிருக்கும்."

ஒருநாள் அவர் விடாமல் நச்சரித்தபோது, அவள் கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "இந்த வீட்டுல எழுவாய் வைக்கிறது உங்க வேலை. பயனிலை வைக்கிறது என் வேலை. அதோட விடுங்க." அன்றிலிருந்து அவர் அப்படியே செய்து வந்தார். அவள் சொன்னதில் இல்லாததை இவர் மனத்துக்குள் இட்டு நிரப்பிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இலக்கண நூலில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரியாது. வினைமுற்றின் வால் காட்டிக்கொடுக்கும். 'வந்தேன்' என்றால் நான். 'வந்தாய்' என்றால் நீ. இதில் தடுமாற இடமே இல்லை என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

கோடையில் ஒரு காலை, அவள் மேல்தட்டிலிருந்து கோப்பை எடுத்தாள். கோப்பை நழுவியது. "என்ன இது" என்று சிரித்துக்கொண்டே எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. கேட்பது அவளுக்குப் புரிகிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சொல்ல வருவதுதான் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறதாம். அந்தச் செய்தியை அவரிடம்தான் சொன்னார்கள். அவளுக்குப் புரியும் என்பதை அவளை வைத்துக்கொண்டே, அவள் தலைக்கு மேலாக, அவரிடம் சொன்னார்கள். இதுவும் குறையில் சேரும்.

இரண்டு மாதம் கழித்து இயன்முறைச் சிகிச்சை நிலையத்துக்குப் போகத் தொடங்கினார்கள். நீண்ட கூடம், கம்பியில் ஓடும் பச்சைத் திரைகளால் தடுத்த படுக்கைகள், ஒரு சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அதற்கு எதிரே பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்பிகள், எங்கும் ரப்பர் வாடை. சிகிச்சை தந்த பெண்ணை எல்லாரும் 'பிசியோ' என்றே கூப்பிட்டார்கள். சுறுசுறுப்பானவள், கலகலப்பானவள், உள்ளபடியே நல்லவள். அவளைக் கெட்டவளாக்கிவிட்டால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். அப்படி முடிக்க முடியாது.

முதல்நாள் அவள் கருவியைக் காட்டி விளக்கினாள். ரொட்டிப்பெட்டி அளவு கருவி; அதிலிருந்து வரும் கம்பிகளின் நுனியில் ஒட்டும் சதுர வில்லைகள்.

"சார், கைக்குப் போற நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உத்தரவு போடுற எடம்தான் சரியில்ல. அதனால நாம நடுவுல பூந்து, கரண்டால உத்தரவு போடுறோம். தசை சுருங்கும், விரல் அசையும்." பிறகு படுக்கையில் இருந்தவளிடம் குனிந்தாள். "அம்மா, கரண்ட் வரும்போது நீங்களும் மனசுல 'விரலே, நீட்டு'ன்னு நெனைக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் மூளைக்குப் பழகும். என்ன?"

அடுத்த படுக்கையில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். விபத்தில் முழங்காலருகே நரம்பு அடிபட்டு, பாதம் தொங்கிப்போனவர். அவருடைய காலிலும் வில்லைகள் இருந்தன. "பாருங்க சார், கரண்ட் வச்சா கால் தானா பிரேக்க விட்டுத் தூக்குது. வண்டிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல, அதுவா ஓட்டுது" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று அலறினார்: "போதும், போதும் தாயே! சுடுது! தோலை உரிக்கிறியா?"

"ஐயையோ, ஏறிடுச்சா? கொறச்சிட்டேன், கொறச்சிட்டேன்" என்று பிசியோ ஓடிப்போய்க் குமிழைத் திருப்பினாள்.

அவருக்கு வாய் இருந்தது, உடனே குறைந்தது. இதை அப்போதே யாராவது கவனித்திருக்க வேண்டும்.

வக்கீலம்மாவின் முன்கைக்கு மேற்புறம் இரண்டு வில்லைகள் ஒட்டினார்கள். குமிழ் மெல்லத் திரும்பியது. "சார், அம்மா தாங்குறாங்களா?" என்று பிசியோ கேட்டாள்.

கேள்வி 'சார்' என்று தொடங்கியது. ஆகவே சார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். முகத்தின் ஒருபாதி தொங்கியிருந்தது. அதில் எப்போதும் ஒரே துயரம். மறுபாதி சுளித்தது. அது முயற்சியின் சுளிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"தாங்குறா" என்றார்.

குமிழ் இன்னும் சற்றுத் திரும்பியது. வாடிய கீரைபோல் கிடந்த விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு விரிந்தன. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடுத்து உட்புறம் ஒட்டினார்கள். இப்போது விரல்கள் மடங்கின. பிசியோ விளையாட்டாக, "சார், உங்க கையைக் குடுங்க, பிடிக்கச் சொல்லுவோம்" என்றாள். அவர் தம் இரண்டு விரல்களை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

கை மூடியது. அவருடைய விரல்களை இறுகப் பற்றியது.

கோப்பை விழுந்த நாளிலிருந்து அவள் அவரைத் தொட்டிருக்கவில்லை. அவர்தான் தொட்டார்: தூக்கினார், துடைத்தார், புரட்டிப் படுக்கவைத்தார், ஊட்டினார். அவள் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. இப்போது வந்தது. மீசை நரைத்த மனிதர், அத்தனை பேர் நடுவில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். அவள் தானாக ஒருமுறை தம் கையைப் பிடித்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை என்று அன்று அவர் மனத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் செய்தவையெல்லாம் அதற்காகவே.

வீட்டில் வைத்துக்கொள்ளச் சிறிய கருவி ஒன்று வாங்கினார். பிசியோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் மேற்புறம், விரல் விரியும் பக்கம். அதற்கே அதிக நேரம். உட்புறம், மூடும் பக்கத்துக்குக் கொஞ்சம் போதும். "மூடுறது மட்டும் பழகினா கை அப்படியே முட்டியாட்டம் பூட்டிக்கும், சார். திறக்கத் தெரியணும். அளவும் அவங்க தாங்குற வரைக்கும்தான்."

சரி என்றார். முதல் சில நாள்கள் சொன்னபடி செய்தார். ஆனால் விரியும் கையில் அவருக்கு என்ன இருக்கிறது? விரிந்த கை எதையும் பிடிப்பதில்லை. வரவர மேற்புறத்துக்கு நேரம் சுருங்கியது, பிறகு நின்றது. பகல் சாப்பாட்டுக்குப்பின் சாளரத்தை ஒட்டிய கட்டிலில் அவளைச் சாய்த்து வைப்பார். உட்புறத்தில் வில்லைகளை ஒட்டுவார். தம் கையை அவள் கையில் வைத்துக் குமிழைத் திருப்புவார். கை பிடிக்கும், விடும், பிடிக்கும். அதன் நடுவில் தெருவில் நடந்ததை, செய்தித்தாளில் கண்ட பிழையை, யார் வீட்டுப் பூனை எந்தச் சுவரில் ஏறியது என்பதையெல்லாம் அவளிடம் சொல்லுவார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது அவருக்குப் பேச்சாகவே இருந்தது. ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

ஆகஸ்டு பதினெட்டாம் நாள் நிலையத்தில் நடந்தது இது. உட்புறம் வில்லைகள் ஒட்டியிருந்தன. அவருடைய கை அவள் கைக்குள் இருந்தது. பிசியோ குமிழருகே நின்றாள். ஓட்டுநர் தம் படுக்கையில் கால் நீட்டி அமர்ந்திருந்தார். அப்போது அவள் வாய் கோணியது. நாக்கு உள்ளே எதையோ தேடியது.

"பி... பிக்கல."

எல்லாரும் திரும்பினார்கள்.

"பிடிக்கல" என்றாள் அவள்.

"அம்மா பேசிட்டாங்க!" என்று ஓட்டுநர் கைதட்டினார். "அடேயப்பா, மொத வார்த்தையே கணீர்னு வருதே! வீட்டுக்குப் போய் எனக்கு இனிப்பு அனுப்பணும் சார்."

"பார்த்தீங்களா சார்! பிடிக்க முடியலன்னு அவங்களுக்கே தெரியுது. முயற்சி பண்றாங்க. ரொம்ப நல்ல அறிகுறி" என்றாள் பிசியோ.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சொல் திரும்பிவிட்டது, அதுவும் எப்பேர்ப்பட்ட சொல்! பெயர்ச்சொல் அன்று, முனகல் அன்று, முழுமையான வினைமுற்று, எதிர்மறை வினைமுற்று. வழக்கம்போல் எழுவாய் மட்டும் இல்லை. அவளேதான், வக்கீலம்மாவேதான் என்று அவர் உள்ளம் துள்ளியது. இல்லாத எழுவாயை வழக்கம்போல் அவரே இட்டார்: 'நான்'. நான் பிடிக்கவில்லை. என் கை உங்கள் கையைப் பிடிக்கவில்லை.

"பிடிக்கும்! பிடிக்கும்!" என்று அவள் தலையைத் தடவினார். "போகப்போகப் பிடிக்கும். கவலைப்படாத." பிசியோவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?" என்றார்.

"தாங்குவாங்களா?"

"தாங்குவா."

குமிழ் திரும்பியது. கை இறுகியது. அவள் மறுபடியும் "பிடிக்கல" என்றாள். மூவரும் மகிழ்ந்து சிரித்தார்கள்.

அதன்பின் அவளிடமிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். வில்லைகளை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே வரும்போதே தொடங்கிவிடுவாள்: "பிடிக்கல. பிடிக்கல." எவ்வளவு ஊக்கம் பாருங்கள் என்று அவர் பூரித்துப்போவார். அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும், குறைப்பட்டுக்கொள்கிறாளே என்ற இரக்கத்தில், குமிழை ஒரு புள்ளி ஏற்றுவார். "பிடிக்கும், பிடிக்கும்." வில்லைகளின் பசை காய்ந்திருந்தது. எடுத்தபின் தோலில் சிவப்புச் சதுரங்கள் இருக்கும். இரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அவர் நினைத்து, களிம்பு தடவினார்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. அவளுடைய இடக்கை. அந்தக் கைக்கு ஒரு குறையும் வரவில்லை. கருவி ஓடும்போது அது குறுக்கே வந்து வில்லைகளைப் பிய்த்து எறியும். கம்பியை இழுக்கும். பிசியோவிடம் சொன்னபோது, "சில பேருக்கு அப்படித்தான் சார், என்ன பண்றோம்னு தெரியாது. அந்தக் கை குறுக்க வராமப் பாத்துக்குங்க" என்றாள். ஆகவே அவர் ஒரு துண்டை நீளமாக மடித்து, இடக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிலின் சட்டத்தில் கட்டி வைத்தார். இறுக்கவில்லை, மெதுவாகத்தான் கட்டினார். "விஷமம் பண்ணாத, வக்கீலம்மா. கொஞ்ச நேரந்தான்."

வேறு ஊரில் வேலையிலிருந்த மகளுக்குக் கைப்பேசியில் காட்டினார். படத்தில் அம்மாவின் கை அப்பாவின் கையைப் பிடித்திருந்தது. "அம்மா! எவ்வளவு அழுத்தமாப் பிடிச்சிருக்காங்க!" என்று மகள் தேம்பினாள். துண்டு படத்துக்குள் வரவில்லை. கைப்பேசியை அப்படித் திருப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபரில் மகளுக்கு விடுமுறை கிடைத்தது. பகல் வண்டியில் வந்து இறங்கியவள், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே உள்ளே வந்தாள். அப்பா சிகிச்சையின் நடுவில் இருந்தார்.

"வா, வா. சரியான நேரத்துக்கு வந்தே. அம்மா பிடிக்கிறதைப் பாரு."

"பிடிக்கல" என்றாள் கட்டிலில் இருந்தவள். மகளைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "பிடிக்கல. பிடிக்கல!"

மகள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள்.

"அப்பா, நிறுத்துங்க. அம்மாவுக்குப் பிடிக்கல."

"அதைத்தானே நானும் சொல்றேன். பிடிக்கல. அதனாலதானே கூட்டுறேன்."

"அப்பா..."

"ரெண்டு மாசமா அதையேதான் சொல்றா. பாவம், மனசொடிஞ்சு போயிருக்கா. நான் பிடிக்கல, நான் பிடிக்கலன்னு..."

"நான்னு அம்மா சொன்னாங்களா?"

"அது தோன்றா எழுவாய், கண்ணு. அவ என்னைக்கு எழுவாய் சொல்லியிருக்கா? நாமதான் வச்சுக்கணும்."

"நீங்க ஏன்ப்பா வைக்கிறீங்க?" மகளின் குரல் உடைந்தது. "'நான் பிடிக்கல'ன்னு அம்மா சொல்லல. அம்மாவுக்குப் பிடிக்கலன்னு சொல்றாங்க. உங்களுக்குக் காது கேக்குதா? அம்மாவுக்கு. இது. பிடிக்கல!"

நான்காம் வேற்றுமை உருபு 'கு'. ஓர் எழுத்து. அந்த எழுத்து அவருடைய காதில் விழுந்து, உள்ளே இறங்கி, இறங்கிக்கொண்டே போயிற்று. 'எனக்கு இது பிடிக்கவில்லை.' எழுவாய் நான் அன்று; 'இது'. 'வந்தேன்' என்பதில் வால் இருக்கிறது. 'பிடிக்கவில்லை' என்பதில் வால் இல்லை. தன்மைக்கும் முன்னிலைக்கும் படர்க்கைக்கும், ஒருவருக்கும் பலருக்கும், உயர்திணைக்கும் அஃறிணைக்கும் அது ஒன்றே. யார் என்று அந்தச் சொல்லைப் பார்த்து அறிய முடியாது. சொல்கிறவரைத்தான் கேட்டறிய வேண்டும். இதையும் அவர் வகுப்பில் நடத்தியிருக்கிறார். தேர்வில் கேட்டிருக்கிறார். தவறாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார்.

அப்படியானால் அந்த இரண்டு மாதமும் நடந்த உரையாடல் என்ன? அவள் "பிடிக்கவில்லை" என்றாள். அவர் "பிடிக்கும், பிடிக்கும்" என்று சொல்லிக் குமிழை ஏற்றினார்.

மகள் வில்லைகளை உரித்தாள். கீழே தோல் வெந்தாற்போல் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

அவர் கருவியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சட்டைக்கையை மடித்தார். அதே காய்ந்த வில்லைகளைத் தம் முன்கையில் ஒட்டினார். குமிழை, மனைவிக்கு வைத்திருந்த புள்ளிக்கே திருப்பினார்.

காய்ச்சிய ஊசிகளைக் கட்டாகச் சேர்த்துச் செருகினாற்போல் இருந்தது. வாய்விட்டு அலறிவிட்டார். அலறிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்முன்னால் அவருடைய கை மூடியது. அவர் மூடவில்லை. மூடாதே என்று சொல்லிப் பார்த்தார். அது அவருடைய கை போலவே இல்லை. எதுவும் இல்லாத காற்றை அது இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கியது. அந்தப் பிடியில் யாரும் இல்லை.

மற்றக் கையால் வில்லையைப் பிய்த்து எறிந்தார். பிய்த்து எறிந்தபின்தான் அவருக்கு அவளுடைய இடக்கை நினைவுக்கு வந்தது.

ஓடிவந்து துண்டை அவிழ்த்தார். முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழவில்லை. அவர் சொல்லிக்கொண்டது போல் மெதுவாகக் கட்டிய கட்டு அன்று அது. நன்றாக இருந்த கை. இந்த உலகத்தில் அவரைத் தானாகப் பிடிக்கக்கூடியதாக மிஞ்சியிருந்த ஒரே கை. செத்துக்கிடந்த கையைப் பிடிக்கவைப்பதற்காக, உயிரோடிருந்த கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்.

கட்டு விலகியதும் இடக்கை எழுந்தது. அவர் கட்டிலருகே மண்டியிட்டு, தம் கையை நீட்டினார். அது அவருடைய கையைக் கடந்து போயிற்று. வலக்கையிடம் போய், அங்கிருந்த சிவப்புச் சதுரங்களைத் தடவியது. மடங்கிப் பூட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தது. முடியாமல், போர்வையை இழுத்து அந்தக் கையை மூடியது. மூடியதன் மேல் காவல் போல் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அவர் தனியாக நிலையத்துக்குப் போய்ப் பிசியோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே சார், தாங்குறாங்களான்னு?"

"கேட்டீங்கம்மா" என்றார் அவர். "என்னைத்தான் கேட்டீங்க."

அடுத்த படுக்கையில் வேறு யாரோ ஒருவருக்குத் தோளில் வில்லைகள் ஒட்டியிருந்தன, தோள் துள்ளிக்கொண்டிருந்தது. கருவியின்மேல் குற்றமில்லை. முறையாகக் கொடுத்தால் கை திரும்பியவர்கள் பலர். அந்த லாரி ஓட்டுநர் செப்டம்பரிலேயே தம் காலால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சுடுகிறது என்று சொன்னபோதெல்லாம் குறைத்தார்கள்.

மகள் விடுமுறையை நீட்டித்தாள். அம்மாவின் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குள் கை வைத்து, "ஆமான்னா அழுத்தும்மா, இல்லன்னா சும்மா இரு" என்று சொல்லிக்கொடுத்தாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு முற்பகலில் அம்மா கற்றுக்கொண்டுவிட்டாள்.

"தண்ணி வேணுமா?" அழுத்தம்.

"கரண்ட் வச்சப்ப வலிச்சுதா?" அழுத்தம். விடவேயில்லை.

வாசற்படியில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தானாகப் பிடிப்பது எப்படி இருக்கும் என்பது அப்போது தெரிந்தது. விரல்கள் ஒன்றாகத் துள்ளி மூடவில்லை. முதலில் கட்டைவிரல் வந்தது. அது மகளின் புறங்கையில் சிறிது நேரம் உலாவியது. பிறகு மற்றவை ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தன.

மகள் தணிந்த குரலில் கேட்டாள்: "அப்பா மேல கோபமா?"

கை அசையவில்லை.

"கோபம் இல்லையாம்மா?"

அப்போதும் அசையவில்லை.

"என்ன சொன்னா?" என்று வாசற்படியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலப்பா."

அவர் தலையாட்டினார். 'இல்லை' என்று சொன்னாளா, பதிலே சொல்லவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. இம்முறை அவர் எதையும் இட்டு நிரப்பவில்லை.

மகள் போனபின் அவர் தம் நாற்காலியைக் கட்டிலின் இடப்பக்கத்துக்கு மாற்றினார். ஒவ்வொரு மாலையும் விரிப்பின்மேல் தம் கையை மல்லாக்க வைத்து, அவளைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். "வச்சிருக்கேன். உனக்குத் தோணினா" என்பார். ஊட்டினால் சாப்பிட்டாள். தலை வாரினால் சாய்ந்து கொடுத்தாள். செய்தித்தாள் படித்தால் கேட்டாள். ஒருமுறை அவர் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் படித்தபோது, அவளுடைய நல்ல பாதி முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. கை மட்டும் வரவில்லை. விரிப்பின்மேல் கிடந்த அவருடைய கையைப் பார்ப்பாள். பிறகு தன் கையைப் போர்வைக்குள் எடுத்துக்கொள்வாள். எதையோ பத்திரப்படுத்துவது போல் எடுத்துக்கொள்வாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். சொன்னார், பலமுறை சொன்னார். அவளிடம் அதற்கு இருந்தது ஒரே சொல். அந்தச் சொல்லையும் அவள் இப்போது சொல்வதில்லை.

டிசம்பரில் இரண்டாவது தாக்குதல் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே நினைவு இல்லை. வண்டியில் அவர் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கை போர்வைக்கு வெளியே கிடந்தது, பிடித்திருக்கலாம். பிடித்தால் விலக்க அவளால் இயலாது. அதனாலேயே அவர் பிடிக்கவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கை படுக்கையிலிருந்து சரிந்தது. அவர் போர்வையைத் தொட்டு அதை உள்ளே தள்ளினாரேயன்றிக் கையைத் தொடவில்லை. விடியுமுன் அவள் போய்விட்டாள். செவிலி வந்து, "கடைசியா ஏதாவது சொன்னாங்களா, சார்?" என்று கேட்டாள். அவள் உயிரோடிருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போதும் அவரிடம்தான் கேட்டார்கள்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, நீங்கள் வேலை செய்யும் கூடத்திலோ, பேச்சிழந்து படுத்திருக்கும் ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே எழுந்து போங்கள். கருவி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். எந்தக் கையையாவது கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். அருகில் நிற்கும் கணவரை விடுங்கள், மகனை விடுங்கள், மருத்துவரை விடுங்கள். படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே குனிந்து, அவர் பக்கம் பார்த்து, அவரையே கேளுங்கள். அதன்பின் வாயை மூடிக்கொண்டு, அவர் பதில் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.